ஜிஎஸ்டி சஸ்பெண்ட் முதல் தராசு முத்திரை வரை: கடைப் பதிவு நின்றுபோனால் எங்கிருந்து பார்ப்பது

வேலூர் லாங்கு பஜார் பக்கம் ஒரு மாடி அறையில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். மாதம் 20ஆம் தேதி நெருங்கினால் படிக்கட்டில் செருப்பு விட இடம் இருக்காது. ரிட்டர்ன் போட வருகிறவர்கள் ஒரு பக்கம். "ஏதோ நின்னுபோச்சு சார்" என்று போனை நீட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது வகை ஆட்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கடைக்கு என்ன ஆனதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்து வருகிற தலைப்பை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

## எந்தக் கோளாறு என்றாலும் முதலில் இது: பதிவில் இருப்பது யாருடைய போன் நம்பர்?

எங்கள் ஊரில் ஜிஎஸ்டி போடுகிற யாரும் ஆடிட்டர்தான். நான் சிஏ படித்தவன் இல்லை, என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பதிவு எடுக்கும்போது ஓடிபி கேட்டுக் கேட்டுப் போன் பண்ண வேண்டாமே என்று இந்த ஆடிட்டர் தன் நம்பரையும் தன் மெயிலையும் போட்டுவிடுவார். கடைக்காரருக்கும் அது வசதி. நானும் ஆரம்பத்தில் ஏழெட்டுப் பேருக்கு அப்படிச் செய்தவன்தான். அப்புறம் ஆடிட்டர் நம்பரை மாற்றுவார், ஊர் மாறுவார், இல்லையென்றால் இரண்டு பேருக்கும் மனஸ்தாபம் வரும். நோட்டீஸ் மட்டும் விடாமல் அந்தப் பழைய மெயிலுக்கே போய்க்கொண்டிருக்கும். தபால்காரர் கொண்டுவருவார் என்று காத்திருந்து பதிவையே தொலைத்தவர்கள் உண்டு.

ஜிஎஸ்டி போர்டலில் உள்ளே நுழைய முடிகிறது என்றால், அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர் பகுதியில் உங்கள் சொந்த நம்பரையும் மெயிலையும் மாற்றிவிடுங்கள். இதற்கு அதிகாரி ஒப்புதல் தேவையில்லை.

யூசர் ஐடியும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது, பழைய ஆடிட்டர் போனே எடுப்பதில்லை என்றால் அவரோடு சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் எல்லைக்குரிய வரி அதிகாரியிடம் அடையாளச் சான்றும் கடைக்கான ஆதாரமும் கொடுத்து எழுதிக் கேட்டால், அவரே நம்பரையும் மெயிலையும் மாற்றித் தற்காலிகப் பாஸ்வேர்டு வரச் செய்வார்.

எல்லைக்குரிய அதிகாரி யார் என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சில கடைகள் மாநில வணிகவரித்துறையின் கீழ், சில மத்திய ஜிஎஸ்டியின் கீழ். போர்டலில் லாகின் செய்யாமலே உங்கள் எண்ணை அடித்துத் தேடினால் நிர்வாக அலுவலகம் எது என்று காட்டும். இதைப் பார்க்காமல் தப்பான அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது இருக்கிறார்கள்.

## அறிகுறி: சரக்கு வாங்குபவர் "உங்க ஜிஎஸ்டி நம்பர் வேலை செய்யல" என்கிறார்

பெரும்பாலும் சென்னை பார்ட்டியிடமிருந்துதான் இந்த போன் வரும். அவர் பணத்தை நிறுத்தி வைத்த பிறகுதான் நமக்கே விஷயம் தெரியும். அதே தேடல் பக்கத்தில் உங்கள் எண்ணைப் போட்டு நிலவரத்தைப் பாருங்கள். மூன்றில் ஒன்று வரும்.

### "ஆக்டிவ்" என்று வந்தால்

பெரும்பாலும் எழுத்துப் பிழை. பில் புத்தகத்தை எடுத்து 15 இலக்கத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். முதல் இரண்டு 33, அது தமிழ்நாடு. அடுத்த பத்தும் உங்கள் பான் எண். அச்சகத்தில் ஓ-வுக்குப் பூஜ்யம் போட்டு ஒரு வருட பில் புத்தகமே வீணான கதை என் மேஜையில் நடந்திருக்கிறது.

எண் சரியாக இருந்தால், அதே பக்கத்தில் ரிட்டர்ன் போட்ட விவரத்தைப் பாருங்கள். ஆர்-1 (விற்ற பில்களின் பட்டியல்) போடாமல் விட்டிருந்தாலோ, போட்டதில் அந்த பில் விடுபட்டிருந்தாலோ, அது வாங்கியவர் கணக்கில் ஏறியிருக்காது. அவர் "வேலை செய்யல" என்று சொன்னது அதைத்தான்.

### "சஸ்பெண்டட்" என்று வந்தால்

பதறாமல், உள்ளே போய் நோட்டீஸ் பகுதியைத் திறந்து காரணத்தைப் படியுங்கள். சஸ்பெண்டில் இருக்கும் நாட்களில் வரி போட்டு பில் கொடுக்கக் கூடாது. அதனால் இதை நாளைக்கு என்று தள்ளவும் முடியாது.

செலவே இல்லாத காரணம் வங்கிக் கணக்கு. பதிவு கிடைத்த 30 நாளுக்குள், அல்லது முதல் ஆர்-1 போடுவதற்குள், எது முந்தியோ அதற்குள் வங்கிக் கணக்கைச் சேர்த்திருக்க வேண்டும். புதுக் கடைக்காரர்கள் பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். கடை பெயரும் பானும் வங்கிக் கணக்கில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்த்துச் சேர்த்தால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

அடுத்த காரணம் ரிட்டர்ன் பாக்கி. மாதாமாதம் போடுகிறவர் தொடர்ந்து ஆறு மாதம் போடாவிட்டாலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிறவர் இரண்டு தவணை விட்டாலும் பதிவை ரத்து செய்யும் நடவடிக்கை தொடங்கும். "வியாபாரமே இல்ல, எதுக்கு ரிட்டர்ன்?" என்று கேட்கிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். வியாபாரம் இல்லாவிட்டாலும் நில் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். நில் 3பிக்கு (வரி கட்டும் ரிட்டர்ன்) நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம், ஒரு ரிட்டர்னுக்கு உச்சம் 500. ஆறு மாதம் விட்டாலும் 3,000 ரூபாயோடு போய்விடும். வரி கட்ட வேண்டிய மாதமாக இருந்தால் நாளுக்கு 50 ரூபாய். வருட விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருப்பவருக்கு ரிட்டர்னுக்கு 2,000 உச்சம். அதற்கு மேல் வரித்தொகைக்கு 18 சதவீத வட்டி தனி.

பாக்கி எல்லாவற்றையும் போட்டு முடித்தும் நிலவரம் மாறவில்லை என்றால், நோட்டீஸ் பகுதியிலேயே நடவடிக்கையைக் கைவிடச் சொல்லும் ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் போதும். இந்தப் பட்டன் தெரியாமல் மனு எழுதிக்கொண்டு அலுவலகம் போகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கொஞ்சம் சிக்கலான காரணம், அதிகாரி நேரில் வந்தபோது கடை பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையோ, சாவு வீட்டுக்குப் போன நாளோ, அவர் குறிப்பில் "அந்த முகவரியில் கடை இல்லை" என்று ஏறிவிடும். ரெக்-17 என்ற படிவத்தில் நோட்டீஸ் வரும், பதில் சொல்ல ஏழு வேலை நாள்தான் அவகாசம். கடை முகப்பு, பெயர்ப் பலகை, உள்ளே சரக்கு, மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழ், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, சமீபத்திய கரண்ட் பில், வாடகை ரசீதோடு பதில் போடுங்கள். ஜிஎஸ்டி எண் பெயர்ப் பலகையில் இருக்க வேண்டும் என்பது விதி. பலகையில் தமிழ்ப் பெயர்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அதைவிடப் பழைய விதி. எழுதுகிறபோதே இரண்டையும் முடித்துவிட்டால் பெயின்டருக்கு ஒரே கூலி.

### "கேன்சல்டு" என்று வந்தால்

இங்கே எல்லாமே தேதிக் கணக்கு. ரத்து உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் ரெக்-21 படிவம் போட்டுப் பதிவைத் திருப்பிக் கேட்கலாம். தாண்டிவிட்டால், தக்க காரணம் காட்டினால் மேலதிகாரி இன்னும் 180 நாள் வரை நீட்டிக்கலாம். ரத்தான தேதி வரைக்குமான எல்லா ரிட்டர்னையும் போட்டு, வரி, வட்டி, தாமதக் கட்டணம் கட்டிய பிறகுதான் இந்த மனுவையே ஏற்றுக்கொள்ளும்.

அதையும் தாண்டிவிட்டால் என் வேலை முடிந்தது, வக்கீலிடம் அனுப்பிவிடுவேன். அங்கேயும் கதவு முழுக்கச் சாத்தவில்லை. 2022 ஜனவரியில் ஒரு கட்பீஸ் கடை தொடுத்த வழக்கோடு சேர்த்துப் பல வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம், ரிட்டர்ன் போடாததால் ரத்தான பதிவுகளை நிபந்தனையோடு திருப்பித் தரச் சொன்னது. பாக்கியைப் பழைய கிரெடிட்டில் (சரக்கு வாங்கும்போது கொடுத்த வரிக்கான வரவு) கழிக்காமல் கட்ட வேண்டும் என்பது அந்த நிபந்தனைகளில் முக்கியமானது. கையில் ரொக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. மூன்று வருடத்துக்கு மேல் பழைய ரிட்டர்னை இப்போது போர்டலே வாங்காது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்களுக்கு அந்த அப்புறம் இல்லாமல் போய்விட்டது.

## அறிகுறி: ஈ-வே பில் போட முடியவில்லை, லாரி நிற்கிறது

முதலில், ஈ-வே பில்லே (சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டு) தேவையா என்று பாருங்கள். தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு ஒரு லட்சம் வரை தேவையில்லை. ஆனால் நாம் இருப்பது ஆந்திர எல்லையில். காட்பாடியிலிருந்து சித்தூர் ஒரு மணி நேரம்கூட இல்லை. அது வேறு மாநிலம் என்பதால் 50,000 தாண்டினாலே பில் வேண்டும். "சென்னைக்கே போடல, பக்கத்துல இருக்கிற சித்தூருக்கு எதுக்கு?" என்று கேட்ட குடியாத்தம் கைலி வியாபாரி ஒருவர், எல்லையிலுள்ள கிறிஸ்டியான்பேட்டை தாண்டியதும் பதிலைத் தெரிந்துகொண்டார்.

ஓடிபி வரவில்லை என்றால் முதல் தலைப்புக்குத் திரும்பிப் போங்கள். 2025 ஏப்ரலிலிருந்து எல்லோருக்கும் ஈ-வே பில் லாகினுக்கு ஓடிபி கட்டாயம். நம்பர் பழைய ஆடிட்டருடையது என்றால் லாரி அவர் கையில்.

"பிளாக்டு" என்று வந்தால், தொடர்ச்சியாக இரண்டு தவணை 3பி போடவில்லை என்று அர்த்தம். காம்போசிஷன்காரர் (விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் சிறு கடைக்காரர்) என்றால் இரண்டு காலாண்டு சிஎம்பி-08 படிவம் பாக்கி. போட்டு முடித்துவிட்டு ஈ-வே பில் தளத்திலேயே தடை நிலவரத்தைப் புதுப்பிக்கும் பகுதியில் எண்ணையும் அடியுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் தானாக விலகும்.

லாரி பழுதாகி பில் காலாவதியானால், முடியும் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டிக்கலாம். வேறு வண்டியில் ஏற்றினால் வண்டி எண்ணை மாற்ற மறக்காதீர்கள். சரக்கைப் பிடித்து வைத்து நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள் என்றால் அங்கேயே பேரம் பேசாமல் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: புதுப் பதிவோ முகவரி மாற்றமோ திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படுகிறது

என் அனுபவத்தில் வட ஆற்காட்டுக்காரர்களுக்கென்றே தைத்த கோளாறு இது. ஆற்காட்டில் ஒரு பேடா கடைக்காரரின் ஃபைலை விரித்தபோது ஒரே கடைக்கு நாலு மாவட்டம் இருந்தது. தாத்தா கிரயப் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம். 1989இல் அது பிரிந்தபின் வந்த ஒரு காகிதத்தில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். ஆதாரில் வேலூர் மாவட்டம். 2019இல் மறுபடி பிரித்ததால் புது ரசீதில் இராணிப்பேட்டை மாவட்டம். அதிகாரி குழம்பியதில் தப்பே இல்லை.

### மாவட்டப் பெயர்தான் சிக்கல் என்றால்

ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் இப்போது இராணிப்பேட்டையில். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரில். குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி, அணைக்கட்டு வேலூரிலேயே. விண்ணப்பத்தில் இன்றைய மாவட்டத்தைப் போடுங்கள். பழைய பெயர் உள்ள காகிதத்தோடு, மாவட்டம் பிரிந்ததால் வந்த வித்தியாசம் இது, இடம் ஒன்றுதான் என்று ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதிச் சேருங்கள். பழைய பதிவு வைத்திருப்பவர்கள் ரெக்-14இல் முகவரியைத் திருத்தலாம். சும்மா கிடக்கும்போதே செய்துவிடுங்கள். கடன் கேட்டு வங்கிக்குப் போன பிறகு ஓடிவந்தால் அதிகாரி ஒப்புதலுக்கு 15 வேலை நாள் வரை காத்திருக்க வேண்டும்.

### கதவு எண் சிக்கல் என்றால்

பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். சொத்து வரி ரசீதில் ஒன்று, கரண்ட் பில்லில் இன்னொன்று இருப்பது இங்கே சர்வசாதாரணம். எந்தக் காகிதத்தை இணைக்கிறீர்களோ அதில் உள்ளபடியே எண்ணை அடிப்பது நல்லது.

### கரண்ட் பில் இறந்தவர் பெயரில் இருந்தால்

தாத்தா பெயரில் மீட்டர், அப்பா பெயரில் வரி ரசீது, கடை மகன் பெயரில். சொந்தக் கட்டடம் என்றால் வரி ரசீது, கரண்ட் பில் இரண்டில் ஒன்று போதும், எது உயிரோடு இருப்பவர் பெயரில் இருக்கிறதோ அதைக் கொடுங்கள். அப்பாவுடைய இடம் என்றால் அவர் ஒப்புதல் கடிதமும் அடையாளச் சான்றும் வேண்டும். இரண்டுமே இறந்தவர் பெயரில் என்றால் முதலில் வாரிசு சான்றிதழ் வாங்கி வரி ரசீதைப் பெயர் மாற்றுங்கள். அதைத் தவிர்க்கும் குறுக்குவழி எனக்குத் தெரிந்து நிலைத்ததில்லை.

வாடகைக் கடை என்றால் ஒப்பந்தமும் வீட்டுக்காரரின் வரி ரசீதோ கரண்ட் பில்லோ ஒன்றும். ஒப்பந்தம் பதிவு செய்யாதது என்றால் வீட்டுக்காரர் அடையாளச் சான்றும் சேரும். வீட்டுக்காரர் பான் கார்டு, அவர் கடையில் நிற்கும் போட்டோ என்று கூடுதலாகக் கேட்கக் கூடாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2025 ஏப்ரலில் தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அது மத்திய அதிகாரிகளுக்குச் சொன்னது. மாநில அலுவலகத்தில் கேட்டால் சண்டை போடாமல் எடுத்துக் காட்டிப் பாருங்கள்.

சந்தேகம் கேட்டு ரெக்-03 நோட்டீஸ் வந்தால் ஏழு வேலை நாளுக்குள் பதில் போடாவிட்டால் விண்ணப்பம் போய்விடும். இரண்டு முறை நிராகரித்த பிறகும் அதே காகிதங்களோடு மூன்றாவது முறை போடுவதில் பயனில்லை. யாரையாவது கூப்பிட வேண்டிய இடம் இதுதான்.

## அறிகுறி: கடை அப்பா பெயரில், அப்பா இறந்துவிட்டார்

இதைச் சொல்லத் தயங்கிக்கொண்டே வருவார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கடை திறந்து, அதே பில் புத்தகத்தில் அதே எண்ணில் எழுதிக்கொண்டிருப்பார்கள். துக்கத்தில் யாருக்கும் ஜிஎஸ்டி ஞாபகம் வராது, அது நியாயம்தான். ஆனால் தனிநபர் கடையின் எண் அவருடைய பானோடு பிறந்தது. மகன் பெயருக்கு மாறாது.

முதலில் இறப்புச் சான்றிதழ், அப்புறம் இ-சேவை வழியாகத் தாசில்தாரிடம் வாரிசு சான்றிதழ். அதிகாரியிடம் இரண்டையும் கொடுத்தால், பழைய எண்ணில் வாரிசைக் கையொப்பதாரராகச் சேர்ப்பார். மகன் தன் பானில் புதுப் பதிவு எடுக்க வேண்டும், காரணம் உரிமையாளர் மரணம் என்று குறிப்பிட்டு. பழைய எண்ணில் மீதமுள்ள கிரெடிட் ஐடிசி-02 படிவம் வழியாகப் புது எண்ணுக்கு வரும். அது முடிந்த பின்தான் பழையதை ரெக்-16 போட்டு ரத்து செய்ய வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, முதலில் ரத்து கேட்டு, கிரெடிட்டைக் கோட்டை விட்டவர்கள் இருக்கிறார்கள். கடையைத் தொடர்ந்து நடத்தும் வாரிசு, அப்பா வைத்த வரி பாக்கிக்கும் பொறுப்பு. அண்ணன் தம்பிகள் பங்கு பேசும்போது இதையும் மேஜையில் வையுங்கள்.

### பார்ட்னர்ஷிப் என்றால்

மூன்று பேரில் ஒருவர் இறந்தால், பத்திரத்தில் அதற்கு இடம் இருந்தால் நிறுவனம் தொடரும். நிறுவனத்தின் பான் மாறாததால் ஜிஎஸ்டி எண்ணும் மாறாது, பங்காளி விவரத்தை 15 நாளுக்குள் திருத்த வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிறுவனப் பதிவேட்டிலும் மாற்றம் கொடுக்க வேண்டும், இதைத்தான் யாரும் செய்வதில்லை. நிறுவனத்தையே பதிவு செய்யாமல் விட்டிருந்தால் பாக்கிக்காரர் மீது வழக்குப் போட முடியாது, 1932ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. இரண்டே பங்காளிகள், அதில் ஒருவர் இறந்தார் என்றால் பார்ட்னர்ஷிப்பே இல்லை. உடனே ஒரு வக்கீலையும் ஒரு சிஏவையும் சேர்த்துப் பாருங்கள், இதில் என்னை நம்ப வேண்டாம்.

## அறிகுறி: மாநகராட்சி தொழில் லைசென்ஸ் ரினியூவல் ஆக மாட்டேன் என்கிறது

சொத்து வரி பாக்கி இருக்கிறதா பாருங்கள். கட்ட வேண்டியவர் கட்டட உரிமையாளர், மாட்டிக்கொள்கிறவர் நீங்கள். அடுத்து தொழில் வரி, அது அரையாண்டுக்கு ஒருமுறை. இரண்டும் இல்லையென்றால் பழைய உரிமம் எந்த அமைப்பு கொடுத்தது என்று பாருங்கள். சத்துவாச்சாரி, தாராபடவேடு பக்கத்துக் கடைகளில் மாநகராட்சியோடு சேர்வதற்கு முந்தைய நகராட்சிக் காலத்து எண் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதை வைத்துத் தேடினால் ஆன்லைனில் எதுவும் வராது. மண்டல அலுவலகத்தில் பழைய ரசீதைக் காட்டிப் புது மதிப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வேலை பார்ப்பவர்கள் பத்துப் பேரோ அதற்கு மேலோ என்றால் தொழிலாளர் துறையில் கடைகள் சட்டப் பதிவும் தனியாக வேண்டும், 2024 ஜூலையிலிருந்து.

## அறிகுறி: தராசில் முத்திரை இல்லை என்று ஆய்வாளர் எழுதிவிட்டுப் போனார்

மின்னணுத் தராசுக்கு வருடா வருடம் முத்திரை. இரும்புப் படிக்கற்களுக்கும் பழைய தட்டுத் தராசுக்கும் இரண்டு வருடம். தேதி தாண்டவில்லை என்றால், நடுவில் ரிப்பேர் செய்தீர்களா என்று யோசியுங்கள். சீல் உடைத்துப் பழுது பார்த்தால் முத்திரை செல்லாது, மறுபடி போட வேண்டும். உரிமம் உள்ள பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள், முத்திரைக்கும் அவரே எடுத்துப் போவார். நேதாஜி மார்க்கெட்டில் காய்கறிக் கடைக்காரர்கள் பலர் தராசுக்குக் கீழே ரசீதை ஒட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல பழக்கம்.

## அறிகுறி: டெலிவரி ஆப் உங்கள் ஓட்டலை நிறுத்திவிட்டது, உணவு உரிம எண் பொருந்தவில்லையாம்

14 இலக்க எண்ணின் முதல் இலக்கம் 1 என்றால் லைசென்ஸ், 2 என்றால் வெறும் பதிவு. உங்கள் விற்றுமுதலுக்கு எது வேண்டுமோ அதுதான் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் பெயரும் முகவரியும். ஆப்பில் "ஆம்பூர் பிரியாணி" என்று கடைப் பெயர், உரிமத்தில் மாமனார் பெயர், ஜிஎஸ்டியில் மனைவி பெயர் என்றால் எந்த ஆப்பும் ஏற்றுக்கொள்ளாது. கடை இடம் மாற்றியிருந்தால் உரிமத்திலும் மாற்ற வேண்டும். அந்த எண் பில்லில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது 2022 முதல் கட்டாயம்.

## அறிகுறி: லாட்ஜுக்கு ஒரே வாரத்தில் இரண்டு துறை ஆட்கள் வந்துவிட்டார்கள்

சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றிலும் இருக்கிற லாட்ஜ்காரர்களுக்கு. வங்கதேச நோயாளி தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் ஏற்ற வேண்டும், நம்மவர்கள் சி ஃபார்ம் என்று சொல்வது. ஒரு நோயாளி மூன்று மாதம் தங்கினால் வந்த அன்று ஏற்றியதோடு விட்டுவிடாமல், அறை காலி செய்த தேதியையும் ஏற்றுங்கள். வரிப் பக்கம், 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம், கிரெடிட் எடுக்கக் கூடாது. பில் சாஃப்ட்வேரில் பழைய 12 இன்னும் ஓடுகிறதா என்று இப்போதே ஒரு பில் அடித்துப் பாருங்கள்.

## அறிகுறி: தோல் ஷாப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஒப்புதல் காலாவதி

நான் தொடுவதில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் தொழிற்சாலைகளைப் பற்றிச் சொன்ன தீர்ப்பிலிருந்து இந்த மாவட்டத்தில் அது தனிக் களம். நேராகச் சுற்றுச்சூழல் ஆலோசகரிடமும் வக்கீலிடமும் போங்கள்.

## அறிகுறி: "டிபார்ட்மென்ட்லேருந்து பேசறோம், உடனே பணம் கட்டணும்"

போனைக் கையில் வைத்துக்கொண்டே எதுவும் கட்டாதீர்கள். நோட்டீஸ் என்று பிடிஎஃப் வந்திருந்தால் அதில் ஒரு குறிப்பு எண் இருக்கும். ஜிஎஸ்டி போர்டலில் லாகின் இல்லாமலே அந்த எண்ணைச் சரிபார்க்கும் பக்கம் இருக்கிறது. மத்திய அலுவலக நோட்டீஸில் டின் என்ற ஆவண எண் இருந்தால், அதைச் சரிபார்க்க மத்திய மறைமுக வரி வாரியத்தின் தளத்தில் தனிப் பக்கம். எந்தத் தளமானாலும் முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா பாருங்கள். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) முழுக்க இலவசம். தேடினால் மேலே வருகிற விளம்பரத் தளங்கள் கட்டணம் கேட்கும், பார்க்க அரசுத் தளம் போலவே இருக்கும். எங்கள் தெருவில் மட்டும் அப்படிக் கட்டியவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் ரினியூவல் என்று இரண்டாவது முறையும் கட்டியிருந்தார், உத்யமுக்கு ரினியூவலே கிடையாது.

பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் என்னிடம் படியேறி வருவதற்கு முன் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள்.